தைவானும் உலக சுகாதார நிறுவனமும்: நாடாளுமன்றங்கள் கையிலிருக்கும் வழிகளில் எது பலிக்கும்?

2003 ஏப்ரல் 24. தைபே நகரின் ஹோபிங் மருத்துவமனையை அரசு திடீரென்று இழுத்துப் பூட்டியது. உள்ளே மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள், பார்க்க வந்த உறவினர்கள் என்று ஆயிரம் பேருக்கு மேல் மாட்டிக்கொண்டார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போயிருந்த ஊழியர்களையும் திரும்ப வரச் சொன்னார்கள். சார்ஸ் என்ற கடும் சுவாசத் தொற்றுநோய் கட்டடத்துக்குள் பரவியிருந்தது.

தைவானில் சார்ஸ் தலைகாட்டியது அந்த ஆண்டு மார்ச் நடுவில். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் இருவர் அந்தத் தீவில் வந்து இறங்கியது மே 3-ஆம் தேதி. இடையில் ஏழு வாரங்கள். அதுவரை தைவான் மருத்துவர்களுக்குத் தோள்கொடுத்தது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அனுப்பிய சிறு குழுதான். நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஜெனீவாவில் மருத்துவம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 1972-க்குப் பிறகு அந்த நிறுவனத்தின் ஏட்டில் தைவான் என்று ஓர் உறுப்பினர் கிடையாது. பெய்ஜிங் சரி என்று சொல்லாமல் அங்கே ஆளனுப்ப முடியாது. அந்த ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி, சார்ஸ் பரவும் இடங்களின் பட்டியலிலிருந்து உலகிலேயே கடைசியாக நீக்கப்பட்ட பெயர் தைவானுடையது.

அதற்கு முன்னும் பின்னும் பல நாடாளுமன்றங்கள் இந்தக் குறையைத் தீர்க்க முயன்றிருக்கின்றன. தீர்மானம் போட்டிருக்கின்றன, சட்டம் இயற்றியிருக்கின்றன, நிதியை நிறுத்தும் பேச்சும் எழுந்திருக்கிறது. 20 ஆண்டுகளுக்கு மேலான அனுபவம் நம்மிடம் இருப்பதால் இப்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம். தைவானுக்கு உலக சுகாதார அமைப்புகளில் இடம் வேண்டும் என்று ஒரு நாட்டின் நாடாளுமன்றம் மனதார விரும்பினால், அது எந்த வழியை எடுக்க வேண்டும்? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அரசுக்குக் கடமை விதித்து, ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும் சட்டம். ஆனால் இதுவரை எழுதப்பட்டதைவிட அதைக் கூர்மையாக எழுத வேண்டும். ஏன் என்பதற்கு மற்ற வழிகளையும் பார்த்தாக வேண்டும்.

வாசல் எப்படி மூடியது

1945-இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், உலகுக்கென்று ஒரு சுகாதார அமைப்பு வேண்டும் என்று முன்மொழிந்த நாடுகள் பிரேசிலும் சீனாவும். சீனாவின் தரப்பில் அதற்காகப் பாடுபட்டவர் ஸெமிங் ஸே என்ற மருத்துவர். அன்று சீனா என்றால் சியாங் கை-ஷேக்கின் சீனக் குடியரசு. உள்நாட்டுப் போரில் தோற்று 1949-இல் தைவானுக்கு ஒதுங்கியது அந்த அரசுதான். அதாவது 1948-இல் உலக சுகாதார நிறுவனம் பிறந்தபோது உடனிருந்தவர்களில் ஒருவர், இன்று வாசலுக்கு வெளியே நிற்கிறார்.

1971 அக்டோபர் 25-ஆம் தேதி ஐ.நா. பொதுச் சபை 2758-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு 76, எதிர்ப்பு 35. சீனாவின் ஒரே சட்டபூர்வப் பிரதிநிதி பெய்ஜிங் அரசே என்று அது சொன்னது. சியாங் கை-ஷேக்கின் பிரதிநிதிகளை வெளியேற்றியது. அடுத்த மே மாதம், நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் ஆண்டுதோறும் கூடும் உலக சுகாதாரப் பேரவையும் அதே வழியில் 25.1 என்ற தீர்மானத்தைப் போட்டது. கவனிக்க வேண்டிய ஒன்று: 2758-ஆம் தீர்மானத்தில் தைவான் என்ற சொல்லே இல்லை. இருக்கையில் யார் உட்கார்வது என்பதைத்தான் அது தீர்த்தது. தீவு யாருக்குச் சொந்தம், அங்கே வாழும் 2.3 கோடிப் பேரின் நோய்நொடிக்கு யார் பேசுவது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

பெய்ஜிங்கின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஐ.நா. குடும்பத்தைச் சேர்ந்தது, நாடுகளால் ஆனது. தைவான் சீனாவின் ஒரு மாகாணம். தைவான் மக்களின் நலனுக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் சீன மத்திய அரசு செய்துகொடுத்திருக்கிறது. அவர்களுடைய நிபுணர்கள் தொழில்நுட்பக் கூட்டங்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கேட்பதற்கு இது நம் ஊர் ஏற்பாடு மாதிரியே தோன்றும். தமிழ்நாட்டிலும் சுகாதாரம் மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆனால் ஜெனீவாவில் நமக்காகப் பேசுவது டெல்லி. அதில் நாம் குறை காண்பதில்லையே என்று ஒருவர் கேட்கலாம்.

வித்தியாசம் இங்கேதான். டெல்லியிலிருந்து வரும் நிதியும் தடுப்பூசியும் கொள்ளைநோய்த் தகவலும் சென்னைக்கு வந்து சேர்கின்றன. டெல்லியைத் தேர்ந்தெடுப்பதில் நமக்கும் ஓட்டு இருக்கிறது. தைவானில் பெய்ஜிங் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தைக்கூட நடத்தியதில்லை. 1995-இல் தொடங்கிய தைவானின் தேசிய மருத்துவக் காப்பீடு கிட்டத்தட்ட மொத்த மக்களையும் தன் குடைக்குள் கொண்டுவந்தது. அதற்குப் பணம் கட்டுபவர்கள் தைவான் மக்கள், சட்டம் போட்டது தைபேயின் நாடாளுமன்றம். நோயைக் கண்டுபிடிப்பவர் ஒருவர், அதை உலகுக்குச் சொல்லும் உரிமை வேறொருவர் கையில் என்றால், இடையே காணாமல்போவது நேரம். கொள்ளைநோயில் நேரத்துக்கு என்ன விலை என்பதை 2020-க்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எந்த இருக்கை?

வழிகளை ஒப்பிடுமுன் எதைக் கேட்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். நாடாளுமன்றங்களின் தீர்மானங்களில் 'பங்கேற்பு' என்று ஒரே சொல்லாகப் போட்டுவிடுகிறார்கள். அதற்குள் நான்கு வேறுவேறு சங்கதிகள் இருக்கின்றன.

முழு உறுப்பினர் ஆவதற்கு, நிறுவனத்தின் சாசனம் 6-ஆம் பிரிவின்படி ஒரு நாடு விண்ணப்பித்து, பேரவையில் சாதாரணப் பெரும்பான்மை பெற்றால் போதும். ஐ.நா.வில் உறுப்பினராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குக் தீவுகளும் நியுவேயும் ஐ.நா.வில் இல்லாமலே இங்கே முழு உறுப்பினர்கள். தைவான் 2007-இல் தைவான் என்ற பெயரிலேயே விண்ணப்பித்துப் பார்த்தது. அதை நிகழ்ச்சிநிரலில் சேர்ப்பதற்கே ஆதரவு 17, எதிர்ப்பு 148. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பார்வையாளர் கோரிக்கையை ஆதரித்த அமெரிக்காவும் ஜப்பானும்கூட இதில் கைவிரித்துவிட்டன. தைவானோடு தூதரக உறவு வைத்திருந்த நவ்ரு 2024 ஜனவரியில் விலகிக்கொண்டபோது மிச்சம் இருந்தவை 12. அவற்றில் ஒன்றான வத்திக்கான் இந்த நிறுவனத்தில் உறுப்பினரே இல்லை. 190-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட அவையில் இந்த எண்ணிக்கையை வைத்து என்ன செய்ய முடியும்? மனசாட்சிக்கு முழு உறுப்பினர் பதவிதான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒரு நாடாளுமன்றம் தன் சட்டத்தை அதன் மேல் கட்டினால், அந்தச் சட்டம் பிறந்த அன்றே முடங்கிவிடும்.

இணை உறுப்பினர் என்று இன்னொரு வகை இருக்கிறது. புவேர்ட்டோ ரிக்கோவும் டோக்கிலாவும் அப்படி இருக்கின்றன. 8-ஆம் பிரிவின்படி அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர், அந்தப் பகுதியின் வெளியுறவுக்குப் பொறுப்பான நாடு. தைவானுக்காகப் பெய்ஜிங் விண்ணப்பம் போட வேண்டும் என்று இதற்கு அர்த்தம். தைவான் இதை ஒருநாளும் ஏற்காது, ஏற்கவும் கூடாது.

உலக வர்த்தக அமைப்பை உதாரணம் காட்டுகிறவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. 2002 ஜனவரி 1 முதல் தைவான் அங்கே 'தைவான், பெங்ஹு, கின்மென், மாட்சு தனிச் சுங்கப் பகுதி' என்ற நீளமான பெயரில் முழு உறுப்பினர். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்று கேட்கிறார்கள். அந்த அமைப்பின் விதிகள் நாடுகளைப் போலவே தனிச் சுங்கப் பகுதிகளையும் சேர்த்துக்கொள்கின்றன. சுகாதார நிறுவனத்தின் சாசனத்தில் அப்படியொரு சன்னல் இல்லை.

மூன்றாவது, பார்வையாளர். சாசனத்தில் இதற்கென்று பிரிவு இல்லை. வழக்கத்தில் வளர்ந்த ஏற்பாடு. வத்திக்கான், செஞ்சிலுவைச் சங்கம், பாலஸ்தீனம் ஆகியவை பார்வையாளர்களாக உட்கார்ந்திருக்கின்றன. நாடாளுமன்றங்கள் தவறவிடும் நுட்பம் ஒன்று இதில் இருக்கிறது. பாலஸ்தீனத்துக்கு அந்த வழி திறந்தது 1974-இல் பேரவையே போட்ட தீர்மானத்தால். தைவானுக்கு 2009 முதல் 2016 வரை எட்டு ஆண்டுகள் கிடைத்ததோ, தலைமை இயக்குநரிடமிருந்து ஒவ்வொரு மே மாதத்துக்கும் முன்னால் வரும் ஒரு கடிதம். 2008-இல் மா யிங்-ஜியோ தைவான் அதிபராகி, பெய்ஜிங்கோடு உறவு இளகியது. அடுத்த ஆண்டு, அன்றைய தலைமை இயக்குநர் மார்கரெட் சானின் அழைப்பு வந்தது. பெயர் 'சீன தைபே'. அதே காலத்தில், 2010-இல், தைவானைச் 'சீனாவின் மாகாணம்' என்றே குறிப்பிட வேண்டும் என்று நிறுவனத்துக்குள் ஒரு சுற்றறிக்கை ஓடிக்கொண்டிருந்தது அடுத்த ஆண்டு கசிந்தது. 2016-இல் சாய் இங்-வென் தைவானின் புதிய அதிபராகப் பதவியேற்கவிருந்த நேரத்தில் வந்த அழைப்பில் 2758-ஆம் தீர்மானமும் ஒரே சீனக் கொள்கையும் நினைவூட்டப்பட்டன. 2017-இல் கடிதம் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

எட்டு ஆண்டு இருக்கையை எடுத்துவிட எந்த வாக்கெடுப்பும் தேவைப்படவில்லை. கடிதம் எழுதாமல் இருந்தாலே போதுமானதாக இருந்தது.

நான்காவது, பேரவைக்கு வெளியே ஆண்டு முழுக்க நடக்கும் வேலை. சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளின்படி நோய்த் தகவல் போய்வரும் தொடர்பு, ஆய்வகக் கூட்டமைப்புகள், தடுப்பூசி பற்றிய நிபுணர் கூட்டங்கள். எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது இதுதான். மே மாதப் பேரவையில் அமைச்சர் உட்கார்ந்து கையாட்டும் புகைப்படம் மறுநாள் செய்தித்தாளில் வரும். எந்த வைரஸ் எந்த மருந்துக்கு அடங்கவில்லை என்பதைப் பேசுவது இந்தக் கூட்டங்களில்தான். தைவான் அரசின் கணக்குப்படி 2009 முதல் 2019 வரை 187 தொழில்நுட்பக் கூட்டங்களுக்கு அது விண்ணப்பித்தது. அனுமதி கிடைத்தது 57-க்கு. பார்வையாளர் நாற்காலி இருந்த ஆண்டுகளும் இந்தக் கணக்குக்குள் அடங்கும் என்பதைக் கவனியுங்கள். 2005-இல் நிறுவனத்தின் செயலகமும் பெய்ஜிங்கும் செய்துகொண்ட ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் இந்தத் தொடர்புகளை ஆள்கிறது. அதன் வாசகம் வெளியிடப்படவில்லை.

தீர்மானம் போடுவது

நாடாளுமன்றத்துக்கு எளிதான வழி, அவையின் கருத்தைத் தீர்மானமாகச் சொல்வது. அரசை அது கட்டுப்படுத்தாது, நிதி ஒதுக்கவும் வேண்டாம். பிரெஞ்சு செனட் 2021 மே மாதம் 304 பேர் ஆதரவோடு, ஒருவர்கூட எதிர்க்காமல், தைவான் சர்வதேச அமைப்புகளில் பங்கேற்பதை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜப்பானின் மேலவை அதே ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி, உலக சுகாதாரப் பேரவையில் தைவானுக்கு இடம் வேண்டும் என்று ஒருமனதாகச் சொன்னது.

ஜப்பான் தீர்மானத்தை நான் மற்றவற்றைவிட மதிப்பதற்குக் காரணம் உண்டு. அதற்கு ஒரு வாரம் முன்புதான், தடுப்பூசிக்குத் தவித்துக்கொண்டிருந்த தைவானுக்கு ஜப்பான் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட அஸ்ட்ராஜெனெகா தடுப்பூசிகளை விமானத்தில் அனுப்பியிருந்தது. கை முன்னே போனது, வாய் பின்னே போனது. அந்த வரிசையில் வரும் தீர்மானத்துக்கு எடை உண்டு.

மற்றபடி தீர்மானத்தின் பலன் இரண்டு: தைவான் மக்களுக்குத் தாங்கள் தனியாக இல்லை என்ற தெம்பு, தம் நாட்டு அரசுக்கு உள்நாட்டில் இருக்கும் ஆதரவின் அடையாளம். குறை வெளிப்படையானது. அடுத்த மே மாதம் அந்த நாட்டுத் தூதர் ஜெனீவாவில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் அவரை யாரும் கேட்க முடியாது.

2024-இல் தீர்மானங்கள் ஒரு புதிய திசையில் திரும்பின. பல நாட்டு எம்.பி.க்கள் சேர்ந்த, சீனா குறித்த நாடாளுமன்றக் கூட்டணி ஜூலை மாதம் தைபேயில் கூடி, 2758-ஆம் தீர்மானம் தைவானின் நிலையைத் தீர்மானிக்கவில்லை என்று சொல்லும் மாதிரித் தீர்மானத்தை உருவாக்கியது. ஆகஸ்டில் ஆஸ்திரேலிய செனட், செப்டம்பரில் நெதர்லாந்தின் கீழவை, அக்டோபர் 24-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம், நவம்பரில் கனடாவின் மக்களவையும் பிரிட்டனின் மக்களவையும் அதே பொருளில் பேசின. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஆதரவு 432, எதிர்ப்பு 60.

இதை வெறும் வார்த்தை விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. ஜெனீவாவில் தைவான் பிரச்சினை எழும்போதெல்லாம் மறுக்க எடுத்துக் காட்டப்படுவது 2758-தான். அந்தப் பூட்டுக்குத் தரப்படும் பொருள் ஒரு தரப்பின் விளக்கம் மட்டுமே என்று ஐந்து பெரிய அவைகள் பதிவு செய்தால், நாளை ஒரு தலைமை இயக்குநர் 'எனக்கு வேறு வழியே இல்லை' என்று சொல்வது கடினமாகும். ஆனாலும் இது நீண்ட காலப் பயிர். அடுத்த மே மாதத்துக்குள் அறுவடை எதிர்பார்க்க முடியாது.

அரசைக் கட்டும் சட்டம்

இந்த வழியில் நெடுந்தூரம் போனது அமெரிக்கக் காங்கிரஸ். 1979-இல் வந்த தைவான் உறவுச் சட்டத்திலேயே, தைவானை எந்தச் சர்வதேச அமைப்பிலிருந்தும் விலக்கிவைக்க இந்தச் சட்டத்தை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1999 டிசம்பரில், தைவானின் பங்கேற்புக்காக, குறிப்பாக உலக சுகாதார நிறுவனத்தில், என்ன செய்கிறீர்கள் என்று வெளியுறவுத் துறையிடம் அறிக்கை கேட்கும் சட்டம் வந்தது. 2001, 2002, 2003 என்று வருடா வருடம் அந்தந்த மே மாதப் பேரவையைக் குறிவைத்துத் தனித்தனிச் சட்டங்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சட்டம் போடும் சங்கடத்தை நீக்க, 2004 ஜூனில் வந்த சட்டம் ஏப்ரல் 1-ஆம் தேதிக்குள் ஆண்டறிக்கை தர வேண்டும் என்று நிரந்தரமாக விதித்தது.

பலன் இருந்ததா? இருந்தது, ஓர் எல்லைவரை. 2004 பேரவையில் தைவானின் கோரிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது அமெரிக்கா முதன்முறையாக ஆதரித்து வாக்களித்தது. வெளியுறவுத் துறை தானாக எடுத்திருக்கக்கூடிய முடிவில்லை அது. தொடர்ந்து ஐந்தாண்டுகள் காங்கிரஸ் முதுகுக்குப் பின்னால் நின்றதன் விளைவு என்றே நான் படிக்கிறேன். ஆனால் அந்த வாக்கெடுப்பின் முடிவு: ஆதரவு 25, எதிர்ப்பு 133. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எதிர்த்தன. சட்டம் தன் நாட்டு அரசின் கையைத் தூக்கவைத்தது. பக்கத்து இருக்கைக்காரரின் கை அதற்கு எட்டவில்லை.

2022-இல் மறுபடி ஒரு சட்டம். தைவான் பார்வையாளர் அந்தஸ்தைத் திரும்பப் பெற வெளியுறவு அமைச்சர் ஓர் உத்தியை வகுக்க வேண்டும், அது எப்படி மாறியது, மேம்பட்டது என்பதை ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும் என்றது. கீழவையில் 425 பேர் ஆதரித்தார்கள், எதிர்க்க ஒருவரும் இல்லை. மே 13-ஆம் தேதி அதிபர் பைடன் கையெழுத்திட்டார். பத்தே நாளில் பேரவை கூடியது. தைவானுக்கு அழைப்பு இல்லை.

பிறகு வந்தது யாரும் சட்டத்தில் எழுதிவைக்காத ஒன்று. 2025 ஜனவரி 20-ஆம் தேதி, பதவியேற்ற அன்றே, அதிபர் டிரம்ப் உலக சுகாதார நிறுவனத்திலிருந்து அமெரிக்கா வெளியேறும் ஆணையில் கையெழுத்திட்டார். ஓராண்டு அறிவிப்புக் காலம் 2026 ஜனவரியில் முடிந்தது. தைவானுக்கு உள்ளே இடம் வாங்கித்தர உத்தி வகுக்க வேண்டிய அமைச்சரின் நாடே வெளியே போய்விட்டது. சட்டம் ஏட்டில் அப்படியே இருக்கிறது. சட்டத்தை நிறைவேற்ற வேண்டிய ஆள்தான் அவையில் இல்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம், கடமை விதிக்கும் சட்டம் வீண் என்பதில்லை. எல்லா முட்டையையும் ஒரே கூடையில் அடைகாக்க வைத்துவிட்டோம் என்பதுதான். இருபது ஆண்டுகளாக இந்தச் சுமையைச் சட்டமாகச் சுமந்த பெரிய நாடு அமெரிக்கா ஒன்றே. ஜப்பான், கனடா, ஆஸ்திரேலியா, நெதர்லாந்து போன்ற நாடுகள் தீர்மானத்தோடு நின்றுவிட்டன. இவை ஒவ்வொன்றும் சிறிய சட்டம் ஒன்றை, ஒரே மாதிரியான வாசகத்தில் போட்டிருந்தால், ஒரு நாடு எழுந்து போனபோது மொத்தப் பந்தலும் சாய்ந்திருக்காது.

பணத்தைக் காட்டி மிரட்டுவது

சில எம்.பி.க்களுக்கு இந்த வழி மேல் ஆசை உண்டு: தைவானைச் சேர்த்துக்கொள்ளும்வரை நிதியை நிறுத்திவை. இதை நான் முற்றாக மறுக்கிறேன். அந்த நிதி போலியோ சொட்டு மருந்துக்கும் காசநோய் மருந்துக்கும் போகிறது. அதை நிறுத்தினால் அடி விழுவது பெய்ஜிங்குக்கா, ஏதோ ஓர் ஆப்பிரிக்கக் கிராமத்துக் குழந்தைக்கா? இன்னொரு பக்கம், இது சோதித்துப் பார்க்கப்பட்ட வழியும்கூட. 2020-இல் டிரம்ப் நிர்வாகம் நிதியை நிறுத்தியது, விலகும் அறிவிப்பையும் கொடுத்தது. அந்த ஆண்டு மே மாதப் பேரவையிலும் தைவான் இல்லை, நவம்பரில் தொடர்ந்த கூட்டத்திலும் இல்லை. நிதி குறையும் இடத்தில் அதை நிரப்ப முன்வருகிறவரின் சொல் ஏறும். தைவானுக்கு உதவ நினைத்து அவருடைய நாற்காலியை உயர்த்திக் கொடுப்பதாகத்தான் அது முடியும்.

வாசலைச் சுற்றிப் போவது

அழைப்புக்குக் காத்திருக்காமல் தைவானோடு நேரடியாக வேலை செய்வதும் ஒரு வழி. 2015-இல் அமெரிக்காவும் தைவானும் தொடங்கிய உலகளாவிய ஒத்துழைப்பு, பயிற்சிக் கட்டமைப்பு இப்படித்தான் நடக்கிறது. ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் பின்னர் அதில் சேர்ந்தன. கொரோனா தடுப்பூசியை நாடுகளுக்குப் பகிர்ந்தளித்த கோவேக்ஸ் திட்டத்தையும் பாருங்கள். ஜெனீவா பேரவையில் இடம் இல்லாத தைவானுக்கு 2021 ஏப்ரலில் அதன் வழியாக 1,99,200 தடுப்பூசிகள் வந்து இறங்கின. ஊசி போடும் வேலை என்று வந்துவிட்டால் பெயர்ப்பலகைச் சண்டையைத் தாண்டியும் வழி கண்டுபிடிக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

நாடாளுமன்றம் இதற்கு நிதி ஒதுக்கலாம், ஆய்வகங்களுக்கிடையே ஒப்பந்தம் செய்ய அனுமதிக்கலாம். பலன் உடனே தெரியும், பெய்ஜிங் தடுக்கவும் முடியாது. ஆனால் இதையே முழுத் தீர்வாக்கிக்கொண்டால் ஆபத்து உண்டு. 'அதுதான் வேறு வழியில் எல்லாம் கிடைக்கிறதே' என்று ஜெனீவா கையைக் கட்டிக்கொள்ளும். உலகம் முழுவதற்குமான எச்சரிக்கை மணி ஓரிடத்தில்தான் இருக்கிறது. அதன் கயிற்றைத் தொட முடியாதவர் எத்தனை நண்பர்களோடு தொலைபேசியில் பேசினாலும் ஊர் விழிக்காது.

2019 டிசம்பர் 31-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். தைவானின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. வூஹானில் குறைந்தது ஏழு பேருக்கு வழக்கத்துக்கு மாறான நிமோனியா என்று செய்தி, சார்ஸ் இல்லை என்று நம்புவதாக அங்கே சொல்கிறார்கள், மாதிரிகள் இன்னும் சோதனையில் இருக்கின்றன, நோயாளிகளைத் தனிமைப்படுத்தியிருக்கிறார்கள், உங்களிடம் தகவல் இருந்தால் பகிருங்கள். இதுதான் சாரம். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று அதில் சொல்லப்படவில்லை என்று நிறுவனம் பிறகு வாதிட்டது. தனிமைப்படுத்தல் என்ற சொல்லைப் பார்த்தாலே எந்த மருத்துவருக்கும் புரியும் என்று தைவான் பதில் சொன்னது. அந்த வழக்கில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்க்க நான் வரவில்லை. என்னைத் தொந்தரவு செய்வது வேறு. உறுப்பு நாடுகள் எல்லாம் பார்க்கும் உள் தகவல் தளத்தில் தன் செய்திகள் ஏற்றப்படுவதில்லை என்று தைவான் குறைசொன்னது. 2009 முதலே ஒழுங்குவிதிகளின் கீழ் தைவானுக்கு ஒரு தொடர்பு முகவரி இருக்கிறது. போகும் பாதை இருந்தது. போனது ஊருக்குச் சொல்லப்படும் என்ற உறுதி இல்லை. அந்த மின்னஞ்சலை அனுப்பிய ஊரின் துணை அதிபர் அப்போது சென் சியென்-ஜென். தொற்றுநோயியல் வல்லுநர், 2003-இல் சார்ஸ் நடுவே சுகாதார அமைச்சராகப் பொறுப்பேற்றவர். அப்படிப்பட்டவர்களின் அனுபவம் நேராகப் பேச இடமில்லாத ஓர் அவையில், 2020 மே மாதம் நிர்வாகக் குழுத் தலைவராகப் பொறுப்பேற்றவர் நம் நாட்டின் அப்போதைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ்வர்தன். நமக்கும் இதில் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

என் தேர்வு

ஒரு நடுத்தர ஜனநாயக நாட்டின் எம்.பி. என்னிடம் கேட்டால், தீர்மானத்தையும் 2758 பற்றிய விளக்கத்தையும் அவையின் முன்னுரையாக வைத்துக்கொள்ளுங்கள், உடம்பைச் சட்டமாக எழுதுங்கள் என்பேன். சட்டத்தின் குறி மே மாத அழைப்புக் கடிதமாக இருக்கக் கூடாது. கொடுத்த கை எடுத்துக்கொள்ளும் என்று 2017 காட்டிவிட்டது. பார்வையாளர் அந்தஸ்தைக் கேட்பதென்றால், பேரவைத் தீர்மானத்தின் மூலம், காலவரம்பில்லாமல் கேட்க வேண்டும். அதற்கு வாக்குகள் சேர ஆண்டுகள் ஆகும் என்பதால், அதுவரை காத்திருக்காத கடமைகளையும் சட்டம் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

முதலாவது, ஒழுங்குவிதிகளின் கீழ் தைவான் அனுப்பும் தகவல் மற்ற நாடுகளுக்குப் போய்ச் சேர்கிறதா என்று ஜெனீவாவில் உள்ள தூதர் ஒவ்வொரு முறையும் எழுத்தில் கேட்க வேண்டும். 2024-இல் திருத்தப்பட்ட ஒழுங்குவிதிகள் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டன. 'கொள்ளைநோய் அவசரநிலை' என்ற புதிய எச்சரிக்கைப் படி அதில் இருக்கிறது. உலகின் எல்லா மக்களையும் காப்பதற்காக அனைவருக்கும் பொருந்த வேண்டும் என்பது அந்த விதிகளின் 3-ஆம் பிரிவிலேயே இருக்கும் வாக்கு. தைவானுக்காகப் புது வாதம் எதையும் தேட வேண்டாம். அந்த வரியைக் கையில் எடுத்தால் போதும். இரண்டாவது, நம் நிபுணர்கள் உட்காரும் ஒவ்வொரு தொழில்நுட்பக் கூட்டத்துக்கும் தைவான் விண்ணப்பித்ததா, மறுக்கப்பட்டதா, மறுத்ததற்கு யார் காரணம் சொன்னார்கள் என்று விசாரித்துப் பதிவு செய்வது. மூன்றாவது, 2005 ஒப்பந்தத்தின் வாசகத்தை உறுப்பு நாடுகளுக்கு வெளியிடக் கோருவது. நிறுவனத்துக்குச் சந்தா கட்டும் எந்த நாட்டுக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை இருக்கிறது. இதற்குத் தைவானை அங்கீகரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பெயர் விஷயத்தில் சட்டம் வாய் திறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். 'சீன தைபே' என்ற பெயர் தைவானில் பலருக்கு வலிக்கும் பெயர். அதை ஏற்பதா, மறுப்பதா என்பதைத் தைபேயில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு முடிவு செய்யட்டும். டோக்கியோவிலோ ஒட்டாவாவிலோ உட்கார்ந்து அதை எழுதிவைப்பது, பெய்ஜிங் செய்கிற அதே வேலையை வேறு மொழியில் செய்வதாகிவிடும்.

இந்த மூன்று கேள்விகளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை, பேரவை கூடுவதற்கு ஒரு மாதம் முன்பு, பொதுவெளியில் அறிக்கை வர வேண்டும். ஐந்து நாடுகளில் ஒரே வாசகத்தில் வந்தால் ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்க முடியும்: எந்தக் கூட்டம், எந்தத் தேதி, தைவானின் எந்த ஆய்வகம் விண்ணப்பித்தது, கதவு எந்த மேசையில் மூடியது என்று.